கதிரை நிறுத்தும் கல்

மயிலம் சாலையில் நம் சேதராப்பட்டு வழியாகத் தினமும் போகிற ஜல்லி லாரிகளை எண்ணி மாளாது. திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளில் உடைபட்ட கருங்கல் புதுச்சேரியில் வீடாகவும் பாலமாகவும் மாறுகிறது. கான்கிரீட்டில் ஜல்லி எதற்கு என்று கேட்டால் பாரம் தாங்குவதற்கு என்றுதான் எல்லாரும் சொல்வோம். அதே கான்கிரீட்டில் வேறொரு வேலைக்காகக் கல் தேடிய கதை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தடுப்பதுதான் அந்த வேலை. அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுப்பதை நம் பக்கத்தில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வார்கள். நம் வயதுக்காரர்கள் வீடுகளில் அந்தச் சொல் காதில் விழாத வீடு குறைவு. சிகிச்சைக்குப் போய் வந்தவர்கள் பலரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "மேசை மேலே படுக்க வெச்சிட்டு, அசையாதீங்கன்னு சொல்லிட்டு, எல்லாரும் வெளியே ஓடிடறாங்க. இவ்வளவு தடிமன் சுவரு, அவ்வளவு பெரிய கதவு. அவங்களே பயந்து ஓடற இடத்துல என்னை மட்டும் விட்டுட்டா என்ன அர்த்தம்?" இந்தப் பயத்தாலேயே பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறவர்களும் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. அந்தச் சுவர் யாருக்காக, எதனால் ஆனது, எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சமாவது குறையும் என்பது என் எண்ணம்.

1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில மாதங்களுக்குள் உலகமெங்கும் மருத்துவமனைகளில் அந்தக் கருவி வந்துவிட்டது. அது தீங்கு செய்யும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தங்கள் கையையே குறுக்கே நீட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டேலி அப்படித் தினமும் கையைக் காட்டியவர். கைகள் புண்ணாகி, புற்றாகி, வெட்டி எடுத்தும் பயனில்லாமல் 1904இல் இறந்துபோனார். அவருக்கு நேர்ந்ததைப் பார்த்து எடிசன் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியையே விட்டுவிட்டார்.

டேலி ஒருவர் மட்டும் அல்ல. 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் கதிரால் உயிரிழந்த மருத்துவர்கள், தொழில்நுட்ப ஊழியர்கள் நினைவாக ஒரு கல்லை நட்டார்கள். முதலில் அதில் 169 பெயர்கள் இருந்தன. பின்னால் இன்னும் பல சேர்ந்தன. இவர்களில் பலர் நோயாளிக்குச் சில நிமிடம் கதிர் கொடுத்து, அதையே வருஷக்கணக்கில் நாள்தோறும் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் உடம்பில் வாங்கிக்கொண்டவர்கள். நோயாளி வாங்கிக்கொள்வது அளந்து கொடுத்த மருந்து. பக்கத்தில் நிற்பவர் வாங்கிக்கொள்வது அளவில்லாத, தேவையும் இல்லாத ஒன்று. சிகிச்சை அறைச் சுவர் முதன்மையாக அவருக்காகத்தான்.

1928இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மாநாட்டில் கதிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேசக் குழு அமைந்தது. இத்தனை தடிமனுக்கு ஈயத் தகடு வேண்டும், இத்தனை தூரம் விலகி நிற்க வேண்டும் என்ற கணக்குகள் வரத் தொடங்கின. ஈயம் விலை அதிகம். சுவர் முழுக்க அடிப்பது சாமானிய வேலையும் அல்ல. அப்போது கைகொடுத்த இயற்கைக் கனிமம்தான் பேரைட்ஸ். பொடித்த பேரைட்ஸைச் சிமெண்டில் கலந்து எக்ஸ்ரே அறைச் சுவர்களுக்குப் பூச்சு வேலை செய்தார்கள்.

பேரைட்ஸ் என்ற பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் உங்களில் சிலர் அதைக் குடித்தே இருப்பீர்கள். வயிற்று வலிக்கு எக்ஸ்ரே எடுக்கும் முன்னால் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையாக ஒன்றைக் குடிக்கக் கொடுப்பார்களே, 'பேரியம் மீல்' என்று? பேரைட்ஸும் அதே பேரியம் சல்பேட்தான். மருந்துக்குச் சுத்தப்படுத்தியது அது. மண்ணிலிருந்து வெட்டி எடுத்த கல்லாக இருப்பது இது. எக்ஸ் கதிர் அதைத் தாண்டிப் போக முடியாததால்தான் படத்தில் குடல் வெள்ளையாகத் தெரிகிறது. வயிற்றுக்குள் கதிரைத் தடுத்துப் படம் காட்டுகிற பொருளே சுவருக்குள்ளும் கதிரைத் தடுத்து ஆளைக் காக்கிறது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, எடைதான். எக்ஸ் கதிரையும் காமா கதிரையும் தடுக்க வேண்டுமானால் குறுக்கே எவ்வளவு எடை நிற்கிறது என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. சாதாரணக் கருங்கல் ஜல்லி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2400 கிலோ இருக்கும். ஜல்லிக்குப் பதிலாகப் பேரைட்ஸோ இரும்புத் தாதுக் கல்லோ போட்டால் அதே ஒரு கன மீட்டர் 3500 கிலோவும் அதற்கு மேலும் போகும். பேரைட்ஸ் தண்ணீரைப் போல ஏறக்குறைய நாலரை மடங்கு எடை. ஹேமடைட், மேக்னடைட் என்ற இரும்புத் தாதுக்கள் சுத்தமானவையாக இருந்தால் ஐந்து மடங்கு. நம் கருங்கல் மூன்று மடங்கைத் தொடாது.

சிகிச்சைக்குப் பயன்படும் கோபால்ட் 60 என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் காமா கதிர் சுமார் 21 சென்டிமீட்டர் சாதாரணக் கான்கிரீட்டைத் தாண்டும்போது பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இன்னொரு 21 சென்டிமீட்டர் தாண்டினால் நூறில் ஒரு பங்கு. ஐந்து முறை இப்படிக் குறைந்தால் லட்சத்தில் ஒரு பங்கு. ஆக ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான சுவர் வேண்டும். 3500 கிலோ எடைக் கான்கிரீட் என்றால் ஒவ்வொரு படிக்கும் 14 சென்டிமீட்டர் போதும், சுவர் 70 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். ஈயம் என்றால் படிக்கு 4 சென்டிமீட்டர்தான். ஆனால் ஈயம் மென்மையான உலோகம். தன் பாரத்திலேயே தொய்ந்துவிடும், கூரையைத் தாங்காது. கான்கிரீட் கதிரையும் தடுக்கும், கட்டடத்தையும் தாங்கும்.

இரண்டாம் உலகப் போரில் கதை வேறு திசைக்குப் போனது. 1942 டிசம்பர் 2ஆம் தேதி சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டு அரங்கத்தின் அடியில் உலகின் முதல் அணு உலை ஓடியது. மிகக் குறைந்த சக்தியில் ஓடியதால் அதற்குத் தடுப்புச் சுவரே கட்டவில்லை. அடுத்த ஆண்டு ஓக் ரிட்ஜில் பெரிய உலை எழுந்தபோது அப்படி விட முடியவில்லை. அதைச் சுற்றி 7 அடி தடிமனுக்குக் கான்கிரீட் போட்டார்கள். அதன் நடுப்பகுதிக் கலவையில் பேரைட்ஸ் சேர்ந்திருந்தது.

அணு உலையில் காமாவோடு நியூட்ரானும் வருகிறது. நியூட்ரான் எடைக்கு மசியாது. ஈயத்தைக்கூடச் சுலபமாகத் தாண்டிப் போய்விடும். அதன் வேகத்தை அடக்க ஹைட்ரஜன் வேண்டும், அதாவது தண்ணீர். சிமெண்ட் இறுகும்போது தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிற தண்ணீர் அந்த வேலையைச் செய்கிறது. கான்கிரீட் சுவரை இத்தனை பேர் தேடிப்போனதற்கு இது இன்னொரு காரணம். ஜல்லியின் எடை காமாவைப் பார்த்துக்கொள்ளும், சிமெண்டில் கட்டுண்ட தண்ணீர் நியூட்ரானைப் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் போதவில்லை என்றால் செர்பன்டைன், லிமோனைட் போன்ற, தனக்குள்ளேயே தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும் கற்களைப் போடுவார்கள். செர்பன்டைன் நானூறு டிகிரி சூட்டிலும் அந்தத் தண்ணீரை விடாது. வேகம் குறைந்த நியூட்ரானை விழுங்கிவிட போரான் உள்ள கோல்மனைட் போன்ற கனிமங்களையும் சேர்ப்பார்கள். எந்தக் கதிர், எவ்வளவு சூடு, எவ்வளவு இடம் என்று பார்த்து அதற்கேற்ற கல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாறில் 1954இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. கனடாவில் 1951இல்தான் கோபால்ட் சிகிச்சை முதன்முதலாக ஆரம்பித்திருந்தது. அந்த 1950கள் முடிவதற்குள் அடையாறுக்கும் கோபால்ட் கருவி வந்துவிட்டது. இந்தியாவுக்கு வந்த முதல் கோபால்ட் கருவி அதுதான். கோபால்ட் கருவியை ஸ்விட்சைப் போட்டு நிறுத்த முடியாது. கதிர் வரும் துவாரத்தை மூடலாம், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கோபால்ட் இரவும் பகலும் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். அதன் வீரியம் பாதியாகவே ஐந்தேகால் வருஷம் ஆகும். அதனால் கருவித் தலைக்குள் ஈயம் போன்ற கன உலோகக் கவசமும், அறைக்குத் தடித்த கான்கிரீட்டும் கட்டாயம். இன்றைய லீனியர் ஆக்சிலரேட்டர் கருவிகள் மின்சாரத்தில் ஓடுபவை. நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். ஆனால் ஓடும்போது அவற்றின் கதிர் கோபால்ட்டைவிட வலுவானது. நேராகக் கதிர் படும் சுவர் சாதாரணக் கான்கிரீட்டில் இரண்டு மீட்டரைத் தாண்டிப் போகும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. 1985இல் இரண்டாவது உலையும், பக்கத்திலேயே உள்ள ஆராய்ச்சி மையத்தில் சோடியத்தால் குளிரும் அதிவேகச் சோதனை உலையும் இயங்கத் தொடங்கின. இம்மாதிரி இடங்களில் கன எடைக் கான்கிரீட் வேண்டிய இடங்கள் பல. கல்பாக்கம் கட்டுமானங்களில் ஹேமடைட் ஜல்லி போட்ட கான்கிரீட் பயன்பட்டிருக்கிறது. உலையிலிருந்து வெளியே எடுத்த எரிபொருளை வெட்டிச் சோதிக்கும் அறைகளில் மனிதர் கால் வைக்க முடியாது. தடித்த சுவருக்கு வெளியே நின்று, ஈயம் கலந்த கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்து, சுவரைத் தாண்டி நீளும் இயந்திரக் கைகளால் வேலை செய்கிறார்கள். அங்கே ஊழியருக்கும் அந்தப் பொருளுக்கும் நடுவே இருப்பது சுவர்தான்.

இந்தக் கற்கள் எங்கோ தூர தேசத்தில் கிடைப்பவை அல்ல. ரேணிகுண்டாவிலிருந்து கடப்பைக்கு ரயிலில் போனால் கோடூரைத் தாண்டி ஓபுலவாரிப்பள்ளி வரும். அந்தப் பக்கத்து மங்கம்பேட்டையில் உள்ள பேரைட்ஸ் சுரங்கம் உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. திருப்பதி போகும் நம்மில் பலர் அதற்குக் கொஞ்சம் முன்பாகவே திரும்பி வந்துவிடுகிறோம். அங்கே வெட்டும் பேரைட்ஸில் பெரும் பங்கு எண்ணெய்க் கிணறு தோண்டும்போது ஊற்றும் சேற்றுக் கலவைக்குப் போகிறது. அங்கேயும் அதற்கு வேலை எடை கொடுப்பதுதான்.

மேக்னடைட் என்னும் காந்த இரும்புக் கல் சேலத்துக் கஞ்சமலையிலும் திருவண்ணாமலைப் பக்கத்து மலைகளிலும் உண்டு. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலம் பக்கத்து இரும்புத் தாதை நம்பித்தான் கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். உருக்குவதற்கு மரக்கரி வேண்டியிருந்தது. ஆலை நிலைக்காமல் மூடப்பட்டது. அன்று உருக்கி இரும்பாக்கிய அதே வகைக் கல்லை உருக்காமல் ஜல்லியாக உடைத்துப் போட்டால் அது கதிரைத் தடுக்கும் என்று ஹீத் காலத்தில் யாரும் நினைத்திருக்க வழியில்லை. கதிர் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது.

எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணல். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, தோரியம் கதிர் வீசும். அதே மணலில் கறுப்பாக மின்னுகிற இல்மனைட்டும் இருக்கிறது. அது டைட்டானியமும் இரும்பும் கலந்த கனமான தாது. கன எடைக் கான்கிரீட்டுக்கு ஏற்றது என்று உலகெங்கும் ஒப்புக்கொண்ட கனிமங்களில் அதுவும் ஒன்று. ஒரே கைப்பிடி மணலில் கதிர் வீசுகிற பொடியும் கதிரைத் தடுக்கிற பொடியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

கல் கிடைத்துவிட்டால் மட்டும் சுவர் வந்துவிடாது. சென்ட்ரிங் வேலையும் கான்கிரீட் வேலையும் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கன ஜல்லி கலவையில் அடியில் போய் உட்காரப் பார்க்கும். மேலே சிமெண்ட் பால் மட்டும் மிதந்து நின்றால் அந்த இடத்தில் சுவர் பலவீனம். வைப்ரேட்டரை அதிகம் ஓட்டினால் ஜல்லி கீழே இறங்கும், குறைவாக ஓட்டினால் உள்ளே பொந்து விழும். பேரைட்ஸ் மென்மையான கல், நகத்தால் கீற முடியாவிட்டாலும் கத்தியால் எளிதில் கீறலாம். மிக்ஸரில் அதிக நேரம் சுற்றினால் பொடியாகிவிடும். வழக்கமான அளவுக்கு மிக்ஸரை நிரப்பவும் கூடாது, பாரம் தாங்காது. சட்டமும் முட்டும் ஒன்றரை மடங்கு பலமாக வேண்டும். சில இடங்களில் கல்லை முதலில் அடுக்கிவிட்டு, பிறகு சிமெண்ட் கரைசலைக் குழாய் வைத்து அடியிலிருந்து ஏற்றுவார்கள். அப்போது கல் பிரிந்து போக வழியில்லை.

தடித்த சுவர் இறுகும்போது உள்ளே சூடு ஏறும். வெளிப்பக்கம் சீக்கிரம் ஆறி, உள்பக்கம் ஆறாமல் இருந்தால் வெடிப்பு வரும். அதனால் தண்ணீருக்குப் பதில் ஐஸ் போட்டுக் கலப்பதும், வெயில் தாழ்ந்த பிறகு கான்கிரீட் போடுவதும் வழக்கம். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று போட்டால் இரண்டுக்கும் நடுவே ஒட்டாத கோடு ஒன்று நிற்கும். வீட்டில் அப்படி ஒரு கோடு இருந்தால் மழைக்காலத்தில் ஒழுகும், தெரிந்துவிடும். இங்கே அந்தக் கோடு வழியாகக் கதிர் நேராக வெளியே போகும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் இணைப்பு தவிர்க்க முடியாத இடத்தில் நேர்கோடாக விடாமல் படி வைத்து இணைப்பார்கள். சுவரைத் துளைத்துப் போகும் ஏசி குழாயையும் ஒயர் குழாயையும் கோணலாகக் கொண்டுபோவார்கள். அறைக்குள் நுழையும் வழியும் நேராக இருக்காமல் வளைந்து போவது இதற்காகத்தான். கதிர் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். வளைவில் சுவரில் மோதி மோதி வலுவிழந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி எழும். எல்லா மருத்துவமனைக்கும் இரும்புக் கல் கான்கிரீட்தானா? இல்லை. இடம் தாராளமாக இருந்தால் நம் கருங்கல் ஜல்லியே போதும், சுவரைத் தடியாக்கிவிடலாம். அதுதான் மலிவு, நம் கொத்தனார்களுக்குப் பழக்கமான வேலையும்கூட. பழைய கட்டடத்துக்குள் புதிய கருவியை வைக்கும்போதோ, நெருக்கமான நகரத்தில் ஒவ்வொரு அடிக்கும் விலை கொடுக்கும்போதோதான் கன ஜல்லி கணக்குக்குச் சரிப்படும். எப்படிக் கட்டினாலும் வரைபடத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். 1983 நவம்பரில் அமைந்தது அந்த வாரியம். கருவியை வைத்த பிறகு சுவருக்கு வெளியே ஒவ்வோர் இடமாக அளவுக் கருவியை வைத்துக் கதிர் கசிகிறதா என்று பார்த்த பின்புதான் சிகிச்சை தொடங்கும்.

தடுப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி காயலான் கடைத் தெருவில், பழைய ஆய்வுக் கருவி ஒன்று இரும்பு விலைக்கு வந்து சேர்ந்தது. அதன் கவசத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்த கோபால்ட் 60 வெளியே வந்தது. என்னவென்றே தெரியாமல் அதைக் கையாண்டவர்களில் ஒருவர் இறந்தார், மற்றும் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். கவசத்துக்குள் இருந்தவரை அதே கோபால்ட் பல வருஷம் யாருக்கும் தீங்கு செய்யாமல் இருந்தது.

இப்போது, மேசை மேல் தனியாகப் படுத்திருக்கும் நம்மவரிடம் வருவோம். அவருக்கு அன்று கொடுக்க வேண்டிய கதிரின் அளவு, திசை, நேரம் எல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டது. அந்த அளவு அவருடைய நோய்க்கு மருந்து. வெளியே போகிற ஊழியர் ஒரு நாளைக்குப் பல பேருக்குச் சிகிச்சை கொடுக்கிறார், அதையே முப்பது வருஷம் செய்யப் போகிறார். ஒவ்வொரு தடவையும் அவர் உள்ளேயே நின்றால் ஹாம்பர்க் கல்லில் இருக்கும் பெயர்களின் கதைதான் அவருக்கும். அவர் வெளியே நின்றாலும் கேமரா வழியாக நோயாளியைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிட்டு உள்ளே வருவார். வெளியிலிருந்து கதிர் வைத்துக்கொண்டு வருகிறவர் உடம்பில் கதிர் தங்காது. அவர் பேரப்பிள்ளையைத் தூக்கலாம், வீட்டாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். உடம்புக்குள் கதிர்ப்பொருள் வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு மட்டும் விதிகள் வேறு, அதை மருத்துவரே சொல்லி அனுப்புவார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது 'கரண்ட் வைக்க' எழுதிக் கொடுத்திருந்தால், முதல் நாள் கூடவே போங்கள். அறைக்கு வெளியே காத்திருக்கும்போது நீங்கள் சாய்ந்து உட்காரும் சுவரைக் காட்டி, இது உன்னை அடைத்து வைக்க இல்லை, எங்களைக் காப்பாற்ற வைத்தது என்று அவருக்குச் சொல்லுங்கள். எத்தனை நாள் என்று மருத்துவர் எழுதியிருக்கிறாரோ அத்தனை நாளும் விடாமல் அழைத்துப் போங்கள்.